தீபாவளிக்குள் வளர வேண்டிய புருவம்

ரிங்லெட் கடைவரிசையில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் என் அக்காள் மகள் சரளா அழகுநிலையம் வைத்திருக்கிறாள். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் நாட்களில், லோரியை ஓரங்கட்டிவிட்டு அவளிடம் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது என் வழக்கம். போன வாரம் அப்படிப் போனபோது கடையில் ஆள் இல்லை. சும்மா இருக்க முடியாத பெண் அவள். என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பூசணிக்காயில் எந்தப் பக்கம் அழுகல் என்று பார்ப்பார்களே, அப்படி.

"என்ன மாமா இது, நெத்தி எங்க முடியுது, கண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலலா. புருவம் பூரா கொட்டிப் போச்சு."

"வயசாச்சும்மா. இனிமே அது இருந்து என்ன பண்ணப் போவுது?"

"வேர்வை கண்ணுல எறங்காம இருக்குமில்ல?"

அது எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச காலமாக மூட்டை தூக்கும்போது கண் எரிகிறது. பூச்சிமருந்துதான் காரணம் என்று நினைத்து, தோட்டக்கார முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. கண்ணாடியில் நன்றாகப் பார்த்தேன். புருவத்திலிருந்து கிளம்பிய முடியெல்லாம் எங்கும் தொலைந்துபோகவில்லை. காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போய் வசதியாகக் குடியேறியிருக்கிறது.

சரளா படங்களைக் காட்டினாள். ஊசியால் தோலைக் குத்தி மை ஏற்றுகிற வேலை இப்போது மலை முழுக்க நடக்கிறதாம். துணியில் பூ வேலை செய்வதற்கு மலாய்க்காரர்கள் என்ன சொல்வார்களோ, அதே சொல்லைத்தான் இதற்கும் சொல்கிறார்கள். குத்துவதற்கு முன்னால் ஒரு முகம், குத்திய பிறகு ஒரு முகம். பிறகு வந்த முகங்களில் கறுப்பு ரப்பரை வெட்டி ஒட்டியதுபோல இரண்டு பட்டை. எல்லா முகத்திலும் ஒரே பட்டை. எனக்கு முகம் சுளித்துவிட்டது.

"சரி, குத்த வேணாம். இத தடவுங்க, மொளைக்கும்" என்று ஒரு சின்னக் குப்பியைத் திறந்து என் மூக்கருகே கொண்டுவந்தாள். முதலில் ரோஜா வாசனை. அதற்குப் பின்னால், ரோஜா சேலை கட்டிக்கொண்டு ஒளிந்து நின்றது விளக்கெண்ணெய்.

நான் எழுந்து மாடிப்படி இறங்கி, கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று காறித் துப்பினேன். சரளா மேலேயிருந்து, "என்னாச்சு மாமா?" என்று கத்தினாள். அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அருவருப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. கோழிச்சாணி மூட்டைமேல் துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். சடக்கில் லோரி அடித்துச் செத்துக் கிடந்த காட்டுப்பன்றியைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு, அதே கையைக் கழுவி ரொட்டி தின்றிருக்கிறேன். ஆனால் புருவத்துக்கு மருந்து என்று யாராவது சொன்னால் போதும், குடல் மேலே வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நான் விட்டேன். பள்ளிக்கூடம் என்னை அதற்கு முன்பே விட்டிருந்தது. ஈப்போவில் சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவினேன். பங்கோரில் மீன்பெட்டிக்கு ஐஸ்கட்டி உடைத்தேன். ஒரு இடத்தில் தொடர்ந்து இருந்தால் உள்ளங்கால் அரிக்கிற சாதி நான். மீசை கறுக்கத் தொடங்கிய வயதில், மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் சின்னம்மா வீட்டு வாசலில் வந்து நின்றேன். குளிருக்குச் சட்டைகூடக் கிடையாது. சின்னம்மா என்னை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "பசியாறுனியாடா?" என்றுதான் கேட்டாள். அந்தத் தோட்டத்து லோரியில் எனக்குக் கெலிண்டான் வேலை கிடைத்தது. டிரைவர் ஓட்டுவார். ஏற்றுவது, இறக்குவது, பின்னால் பார்த்துச் சத்தம் போடுவதெல்லாம் நான்.

சின்னம்மா பெயர் பூவாயி. புருஷன் செத்துப் பல வருஷம். பிள்ளை இல்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனையும் அவள் கையில்தான். கொழுந்தெடுக்கிற பெண்கள் காலையில் மலையேறும் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டாய்க்கு அவள்தான் ஆயா. நீளமான தகரக் கொட்டாய். உத்தரத்தில் வரிசையாகச் சேலை ஏணைகள். உள்ளே நுழைந்தால் புளித்த பால், மூத்திரம், ஈரக் கம்பளி, கரியடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடை எனக்கு நாற்றமாகப் பட்டதில்லை. அதிலிருந்து வந்தவன்தானே நானும்.

சின்னம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. மலையேற முடியாது, கூடை சுமக்க முடியாது. தோட்டத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். வேலை இருந்தால்தான் லயத்து வரிசையில் ஒரு வீடு. இதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து நடந்ததெல்லாம் இதில்தான் நின்றது.

அவள் ஐம்பதை நெருங்கும்போது புருவம் உதிர ஆரம்பித்தது. வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக, கடல் மண்ணைத் தின்பதுபோல. முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் கன்னியம்மா என்ற பெண் கேட்டாள். இளம் தாய், வாய் ஓயாதவள், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி.

"ஏன்க்கா, ஒன் புருவம் என்னா எலி தின்ன மாதிரி இருக்கு?"

"எலிக்கு ஒன் மூஞ்சி புடிக்கலடி. அதான் எங்கிட்ட வந்துருச்சு."

குழாயடி முழுக்கச் சிரித்தது. கன்னியம்மாவும் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் கன்னியம்மாவின் குழந்தைக்குக் கன்னத்தில் வெள்ளையாக ஒரு தேமல் வந்தது. சிரிப்பு அன்றோடு நின்றது. அந்தக் காலத்து லயத்தில் எல்லோருக்கும் ஒரு வைத்திய அறிவு உண்டு. புருவத்தின் ஓரம் உதிர்ந்தால், தோலில் வெள்ளை விழுந்தால், அது குஷ்டம் என்கிற பெருநோய். அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்பார்கள். அது வந்தவர்களைக் கோலாலம்பூர்ப் பக்கம் வேலி போட்ட இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், திரும்பி வருவதில்லை என்று பேச்சு. ஒரு நாள் காலை கன்னியம்மா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே மலையேறினாள். மறுநாள் இன்னும் நாலைந்து பேர்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் சின்னம்மாவைக் கொட்டாய் வாசலிலேயே, எல்லோரும் பார்க்க, சோதித்தார். நல்ல மனுஷன். பஞ்சைத் திரித்து நூலாக்கி, கண்ணை மூடச் சொல்லி, புருவத்தில், கன்னத்தில், விரலில் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இப்ப தொடுறனா?"

"தொடுறீங்க."

"இப்ப?"

"இப்பவுந்தான். இதுக்கு மேல தொட்டா எங்க வூட்டுக்காரரு ஆவியா வந்து கேப்பாரு, டிரசரய்யா."

டிரசர் சிரித்துவிட்டுச் சொன்னார்: உணர்ச்சி நன்றாக இருக்கிறது, நோய் எதுவும் இல்லை. பெண்களுக்கு இந்த வயதில் புருவம் மெலியும். என் வீட்டில்கூட மையால்தான் வரைந்துகொள்கிறார்கள். குழந்தைக்கு இருப்பது வெறும் தேமல், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தால் போகும்.

ஒருவரும் நம்பவில்லை. "பூவாயி குடுத்தனுப்புன கறிக்கொழம்பு அவருக்குப் பேச்சு சொல்லிக்குடுத்துருக்கு" என்றார்கள்.

ஆபீசில் பேரேடு எழுதுகிற கிராணி அவளைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அவர் சின்னம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை, கண்ணுக்கு மேலே பார்த்துப் பேசினார்.

"டிரசர் சொல்றது எனக்குப் புரியுது பூவாயி. ஆனா பொம்பளைங்களுக்குப் புரிய மாட்டேங்குதே. முதுகுல புள்ளயக் கட்டிகிட்டு எவ்வளவு கொழுந்து எடுப்பாளுங்க? தொர என்னப் புடிச்சு கேக்குறாரு. தீபாவளிக்குள்ள அந்தப் புருவத்த ஏதாச்சும் பண்ணு. இல்லன்னா வேற ஆளுதான். வேல இல்லன்னா வீட்டயும் குடுத்துறணும், ஒனக்கே தெரியும்."

நான் எத்தனையோ முதலாளிகளிடம் வேலை செய்திருக்கிறேன். கல்லுடை, மரம் தூக்கு, சாக்கடை தோண்டு என்று சொன்னவர்கள் உண்டு. மயிர் வளர் என்று உத்தரவு போட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆபீசிலிருந்து திரும்பும் வழியிலேயே சின்னம்மா விளக்கெண்ணெய் வாங்கினாள். வீடு என்றால் ஒரே அறைதான். தினமும் விளக்கு வைத்ததும் அதைச் சுடவைத்துப் புருவத்தில் தேய்ப்பாள். அது வழிந்து கண்ணில் இறங்கி, கன்னத்தில் இறங்கி, தலையணையில் ஊறி, தலையணை ஊசிப்போய், அந்த வாடை சோற்றுப்பானைவரை வந்தது. நான் அந்த வாடையோடு சோறு தின்றேன், அந்த வாடையோடு லோரி ஏறினேன். டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டேய், நீ என்னா குத்துவிளக்கா?" என்று கேட்டார்.

எண்ணெய் கேட்கவில்லை. சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்த்தாள். தாரை தாரையாகக் கண்ணீர். "புருசன் செத்தப்பகூட இவ்வளவு அழுவலடா" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். செம்பருத்தி இலையை முட்டை மஞ்சளோடு அரைத்து அப்பினாள். அது காய்ந்து, வெடித்து, சொறிபிடித்த சுவர்மாதிரி உதிர்ந்தது. பச்சைக் குழந்தை மூத்திரம் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அதையும் செய்தாள். கொட்டாயில் அதற்கா பஞ்சம்?

இந்தக் கூத்தெல்லாம் அவள் வெட்கமில்லாமல் செய்தாள். அழகுக்காகச் செய்திருந்தால் வெட்கம் வந்திருக்கும். வீட்டுக்காக அல்லவா செய்தாள்.

பிறகு டிரசர் மனைவி செய்வதுபோல மையால் வரைந்து பார்த்தாள். வில்மாதிரி அழகாகத்தான் இருந்தது. முதுகில் கட்டிக்கொண்டு போனவர்களில் சிலர், கன்னியம்மா உட்பட, மறுபடி பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கும் வேறு வழியில்லை. மலையில் மூடுபனி இறங்கும்போது முகம் நனையும், தெரியுமில்லையா. குழந்தைகளின் கை சும்மா இருக்குமா? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் கறுப்பு. தாய்மார்கள் முதலில் ஆயா திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார்கள். கன்னியம்மாதான் சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். மறுநாள் கொட்டாய் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஏன்க்கா, பொட்ட காதுக்குள்ளயா வைப்ப? இந்தா, ஒன் புருவம். என் புள்ள எடுத்துட்டு வந்துட்டான்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சுவரில் முதுகு படாமல் விலகி நின்று, பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி வைத்தியத்தைச் சொன்னது எங்கள் லோரி டிரைவர். தாப்பாவில் பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் மருந்து விற்கிற ஒருவன் அட்டை எண்ணெய் வைத்திருக்கிறானாம். தேங்காயெண்ணெயில் அட்டையை ஊறப்போட்டுக் காய்ச்சி எடுப்பது. அதைத் தடவினால் பாறையிலும் முடி முளைக்குமாம். சின்னம்மா யோசித்தாள். தேயிலை மலையில் அட்டைக்குக் குறைவா? அதைப் போய் எதற்காக வாங்க வேண்டும்?

அவள் கொழுந்தெடுக்கிற பெண்களிடமே கேட்டாள். நீங்கள் நம்பமாட்டீர்கள், அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலில் ஏறிய அட்டைகளை ஒரு பால்மாவு டின்னில் போட்டு, சாயங்காலம் இறங்கி வரும்போது கொட்டாய்ப் படியின் ஓரத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பார்கள். அவளை வெறுத்தார்கள், ஆனால் அவள் புருவம் முளைக்க வேண்டும் என்றும் மனதார ஆசைப்பட்டார்கள். பிள்ளைகளை அவளைப்போல் பார்க்க ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கன்னியம்மாவும் ஒரு டின் வைத்தாள். "நல்லா கொழுத்ததா பாத்து எடுத்தேன்க்கா. என் ரத்தமும் கொஞ்சம் இருக்கும், பாத்துக்க."

"ஒன் ரத்தம்னா புருவம் பேசும்டி" என்றாள் சின்னம்மா.

அந்த எண்ணெய் காய்ந்த சாயங்காலத்தைச் சொல்ல எனக்கு இப்போதும் நாக்கு கூசுகிறது. அட்டைகள் எண்ணெயில் சுருண்டு, ஊதி, வெடித்தன. கருகிய ரத்தமும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த வாடை லயம் முழுக்கப் போனது. பக்கத்து வீட்டு நாய் வந்து வாசலில் நின்று ஊளையிட்டது. சின்னம்மா ஆறவைத்து, விரலில் தொட்டு, ஒரு கோலம் போடுகிற கவனத்தோடு இரண்டு கண்ணுக்கு மேலும் இழுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் சொன்னாள்: "அரிக்குதுடா. வேர் விடுது போல."

அப்புறம் எரிகிறது என்றாள். எரிந்தால் நல்லது, மருந்து உள்ளே இறங்குகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தோல் சிவந்து, வீங்கி, பொத்துக்கொண்டு நீர் வடிய ஆரம்பித்த பிறகும் தேய்த்தாள். முளை வரும்போது மண் வெடிக்காதா என்று என்னிடமே கேட்டாள். நான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிரசரிடம் போனபோது இரண்டு கண்ணும் பாதி மூடியிருந்தன.

டிரசர் எண்ணெய் டின்னைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் வெள்ளையாக மண்டி இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டார். சுண்ணாம்பு. எங்கள் தோட்டத்துப் பெண்கள் மலையேறும்போது புகையிலையையும் சுண்ணாம்பையும் ஒரு துணிப்பொட்டலமாக முடிந்து இடுப்பில் செருகியிருப்பார்கள். அட்டை கடித்தால் அதை நனைத்து ஒரு ஒற்று. அட்டை உருண்டு விழும். அத்தனை அட்டையும் அப்படி விழுந்தவை. சின்னம்மாவே இளவயதில் வருஷக்கணக்காகச் செய்த வேலை அது. அவளுக்கும் தோன்றவில்லை, கொண்டுவந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் கிராணி வந்து பார்த்தார். வாசலில் நின்றே பார்த்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப்போனார். கொட்டாய் வேலை கன்னியம்மாவின் நாத்தனாருக்குப் போனது. அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

புண் மெல்ல ஆறியது. ஆறின இடம் மழுமழுவென்று, உள்ளங்கைபோல் பளபளத்தது. முன்பு இருந்த பாதிப் புருவமும் போய்விட்டது.

அந்த நாத்தனாருக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். ஒரே ஏணையில் இரண்டு பிள்ளைகளைப் போட்டு ஆட்டுவாள், பாலைச் சூடு பார்க்கமாட்டாள். பிள்ளைகள் கத்துகிற கத்தல் மேல்மலைவரை கேட்கும். கூடை நிறையவில்லை என்று பெண்களுக்குக் கங்காணியிடம் ஏச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா, இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். குழந்தையின் கன்னத்தில் தேமல் போயிருந்தது.

"அக்கா, கொட்டாய்க்குத் திரும்பி வாக்கா. புள்ளைங்க செத்துரும் போல. கிராணிகிட்ட நான் பேசிட்டேன். வீடும் போவாது."

சின்னம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"மூஞ்சில ஒரு துணியக் கட்டிக்க. கையில ஒற போட்டுக்க. அவ்வளவுதான் கேக்குறாளுங்க" என்றாள் கன்னியம்மா.

குழந்தை சின்னம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. கன்னியம்மா அதை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சின்னம்மா அதைப் பார்த்தாள். தேத்தண்ணியை ஒரு கிளாசில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். கன்னியம்மா வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நிலைப்படியில் மெதுவாக வைத்தாள்.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்க்கா."

சின்னம்மா சத்தம் போடவில்லை. சோறு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"ஒன் கால்ல கடிச்ச அட்டைய, ஒன் ரத்தத்தோட, மூஞ்சில தேச்சுகிட்டேன்டி. எனக்கு அருவருப்பா இல்ல. எங்கையால ஒரு மொடக்குத் தேத்தண்ணி ஒனக்கு எறங்கல." கிளாசை எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். "போ. ஒன் புள்ளய நீயே பாத்துக்க."

கன்னியம்மா அழுதாள். அழுதுகொண்டே, கிளாசைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா, எனக்குத் தெரியாது. எனக்கு வாந்தி வருவது விளக்கெண்ணெயாலா, அந்தத் துடைப்பாலா என்றும் இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாதக் கடைசி வரை சின்னம்மா காத்திருக்கவில்லை. டிரைவரிடம் சொல்லி, பானை சட்டியை லோரியில் ஏற்றி, திரிங்காப்பில் ஒரு சீனர் பூத்தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினேன். உட்கார்ந்தபடி செவ்வந்தியைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை. முதலாளி அவள் விரல் வேகத்தைத்தான் பார்த்தார். அதற்கு மேலே பார்க்கவில்லை. சாகும்வரை அங்கேயே இருந்தாள். புருவம் முளைக்கவேயில்லை, அவளும் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தோட்டத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

நான் போனேன், இந்த வருஷம். லோரியில் கோளாறு, பக்கத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. லயத்தில் பாதி இடித்தாகிவிட்டது. மீதியில் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துச் செடிமேல் இழுத்துப்போகிற இயந்திரம்தான் இப்போது கொழுந்து எடுக்கிறது. அவர்கள் குழந்தைகளெல்லாம் கைப்பேசிக்குள் இருக்கின்றன. அந்தச் சீக்குக்கு மாத்திரை வந்து, வேலியும் போய், அதன் பெயரைச் சொன்னால் முழிக்கிற தலைமுறை வந்துவிட்டது. ஆயாக் கொட்டாய் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. படம் பிடிக்க வருகிறவர்கள் அதில் காரை நிறுத்துகிறார்கள்.

அந்தக் காலத்தில் காலை பத்து மணிக்கு அங்கே ஒரு சங்கு ஊதும். பால் கொடுக்கிற நேரம். மார்பு கட்டிப்போன பெண்கள் கூடையைப் போட்டது போட்டபடி, கொழுந்துக்கறை பிடித்த கையோடு, சரிவில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். எப்போதும் முதலில் வந்து சேருகிறவள் கன்னியம்மாதான். சின்னம்மா பிள்ளையைத் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டு, "மெதுவாடி, விழுந்து தொலைக்காத!" என்று கத்துவாள்.

மெக்கானிக் வரும்வரை அந்தத் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆயிற்று. சங்கு எதுவும் ஊதவில்லை. சரிவு வெட்டிவிட்ட தலைமாதிரி ஒரே மட்டமாக, பச்சையாக, ஆளில்லாமல் கிடந்தது.